பந்த் அன்றைக்குப் போன ஃபேக்ஸ்

— திரும்பவும் அதே கதைதான், தெயோ. கீச்சு கீச்சுன்னு கத்திட்டு, 'பதில் இல்லை'ன்னு காட்டிட்டு நின்னுடுச்சு.

— அலோர், அப்படின்னா இன்னொரு வாட்டி அழுத்திப் பாரு, சந்திரா.

— எத்தன வாட்டிதான் அழுத்துறது? தோ பாரு, காலையிலேர்ந்து இந்தப் புது மிஷின் முன்னாடியே நிக்கிறேன். ஜெராக்ஸ் எடுக்குது, பிரிண்ட் எடுக்குது, ஸ்கேன் பண்ணுது. ஃபேக்ஸ்னு சொன்னா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்குது.

— இன்ஜினியருக்குப் போன் போட்டியா?

— போட்டேன். பந்த்ல பஸ்ஸு இல்ல, நாளைக்கி வர்றேங்கிறாரு.

— அப்ப நாளைக்கிப் பாத்துக்கலாம், விடு. ஊரே கதவச் சாத்திட்டுப் படுத்திருக்கு. நாம ரெண்டு பேருந்தான் இந்த ஆபீசத் தொறந்து வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கோம். மொழிபெயர்க்கிறதுக்கு ஒரு பென்ஷன் பேப்பர்கூட இன்னைக்கி வரல.

— நாளைக்கி வேலைக்காவாதுப்பா. இந்த பாரம் இன்னைக்கே பிரான்சுக்குப் போயாவணும்.

— என்ன பாரம், காட்டு... பெத்தாங்க் ஆட்டத்துக்கான போட்டியா? நீ உப்பளம் மைதானத்துல இரும்புக் குண்டு போடுறது சும்மா பொழுதுபோக்குன்னுல்ல நெனச்சேன்.

— பொழுது போவாமலா ஞாயித்துக்கெழம ஆனா தவளக்குப்பத்துலேர்ந்து பஸ் ஏறி வர்றேன்? பிரான்சுல கோப்பைக்காக நடக்குற பொம்பளைங்க போட்டி இது. மூணு பேரு ஒரு அணி. நானு, எங்க ஜெயம் அண்ணி, அப்பறம் அமிர்தவல்லி. எங்க கிளப்புலேர்ந்து பொம்பளைங்க யாரும் இது வரைக்கும் அங்க போனதில்ல. நாங்கதான் மொதல்ல. கையெழுத்து போட்ட பாரம் ஃபேக்ஸ்லதான் வரணுமாம், ஈமெயில் எடுத்துக்க மாட்டாங்களாம்.

— எப்ப வரைக்கும் டைம்?

— அங்க இன்னைக்கி மத்தியானம் பன்னெண்டு. நமக்கு மூணரை.

— போன வாரமே அனுப்புறதுக்கென்ன?

— அமிர்தவல்லி வீட்டுல கெஞ்சிக் கூத்தாடி, நேத்து சாயந்தரந்தான் கையெழுத்தே போட்டா. இன்னைக்கி பந்த்னு யாரு கண்டா? ஃபேக்ஸ் வெச்சிருக்கிற எஸ்.டி.டி. பூத்து எல்லாம் இழுத்து மூடிக்கெடக்கு. அதான் இந்த மிஷின் காலப் புடிச்சித் தொங்குறேன்.

— ஆன் மதாமுக்குத் தெரியுமா?

— தெரியாது. சொந்தமா ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்தாலே கண்ணாடிய மூக்குல எறக்கிப் பாக்குற மொதலாளி அவங்க. ஆளாளுக்கு ஒரு ரகசிய எண் போட்டுக் குடுக்கச் சொன்னதே அதுக்காகத்தானே. யார் எத்தன பக்கம் எடுத்தாங்கன்னு மிஷினே இனிமே போட்டுக் குடுத்துடும்.

— உன் எண்ணுக்கு ஃபேக்ஸ் உண்டா?

— உள்ளூருக்கு மட்டும் உண்டு. உனக்கும் அப்படித்தான். வெளிநாட்டுக்கு அனுப்பணும்னா மதாம் எண் வேணும். நாந்தான் அப்படி செட் பண்ணேன்.

— அலோர், மாத்திக்க வேண்டியதுதானே? அட்மின் பாஸ்வேர்டு உங்கிட்டதானே இருக்கு.

— இருக்கு. ஆனா மாத்த மாட்டேன். நம்பிக் குடுத்திருக்காங்க. பாரீசுல நமக்கு வேலை அனுப்புற மரீனுக்கு ஒரு டெஸ்ட் தாள் அனுப்பிப் பாருன்னு, அவங்க எண்ணயும் எங்கிட்ட சொல்லியிருக்காங்க. மொதல்ல அது போவட்டும். போனதும் மதாமுக்குப் போன் பண்ணி, நேராவே கேட்டுடுவேன்.

— அவங்க மாட்டேன்னுட்டாங்கன்னா?

— கேக்காம அனுப்புறதுக்கு, கேட்டுத் திட்டு வாங்கலாம். இரு, செல்லு அடிக்குது... சொல்லுங்க அண்ணி... எப்ப சொன்னா?... ம்... பரவால்ல அண்ணி, நீங்க அழாதீங்க. வெக்கிறேன்.

— என்ன சந்திரா, மூஞ்சி செத்துப்போச்சு?

— அமிர்தவல்லி வரலையாம். மாமியா ராத்திரியே தடுத்துட்டாங்களாம். பேர அடிச்சிடச் சொல்லிட்டா.

— வேற யாரயாவது போடேன்.

— யாரப் போடுறது? நானும் அண்ணியும் குண்ட உருட்டி, குறிக்கட்டைக்குக் கிட்டக் கொண்டுபோயி நிறுத்துற ஆளுங்க. எதிராளி குண்டத் தூக்கியடிச்சி வெளிய தள்ளுறதுக்கு அவ ஒருத்திதான் இருந்தா. பேனாவக் குடு. பேர அடிச்சிடுறேன்.

— வா, வீட்டுக்குக் கெளம்பலாம். வண்டியில கொண்டுபோயி விடுறேன்.

— நான் கெளம்பல. அந்தப் போட்டிதான் போச்சு, இந்த மிஷினயாவது ஜெயிச்சிட்டு வர்றேன். மேனுவல இப்படித் தள்ளு. ஏன் தெயோ, நீ இந்த ஆபீஸ் போன்லேர்ந்து வெளிய பேசணும்னா மொதல்ல எத அழுத்துவே?

— பூஜ்யம். அப்பத்தான் வெளி லைன் கெடைக்கும்.

— ஒடனே நம்பரப் போட்டுடுவியா?

— இல்ல, 'ர்ர்ர்'ருன்னு சத்தம் வர்ற வரைக்கும் நிப்பேன்.

— மிஷினு நிக்கலப்பா. பூஜ்யத்தப் போட்ட கையோட மடமடன்னு நம்பர அடிச்சிடுது. லைன் வர்றதுக்குள்ள பாதி நம்பரு காத்தோட போயிடுது. அப்பறம் எவன் பதில் சொல்லுவான்?

— நிறுத்தி அடிக்கச் சொல்ல பட்டன் எதுனா இருக்குதா?

— இதுல 'பாஸ்'னு, கொஞ்சம் நின்னு அடிக்கிறதுக்கு ஒண்ணு போட்டிருக்கான் பாரு. பூஜ்யம், பாஸு, அப்பறம் நம்பரு. மரீனுக்கு டெஸ்ட் தாள வெச்சி, மதாமோட எண்ணையும் போட்டாச்சு. அழுத்துறேன்.

— ஸ்பீக்கர ஏத்தி வை... அடிக்குது, சந்திரா. பிரான்சு ரிங்கு இப்படித்தான் நீளமா வரும்.

— எடுத்துடுச்சு. தாளு உள்ள போவுது. தெயோ, போவுதுப்பா.

— ரிப்போர்ட் அடிக்குது பாரு. 'ஓகே'ன்னு வந்திருக்கு.

— கடல் தாண்டிப் போயிடுச்சு.

— எது கடல் தாண்டிப் போச்சு?

— மதாம்? பந்த்ல எப்படி வந்தீங்க?

— கருவடிக்குப்பத்துலேர்ந்து நடந்துதான் வந்தேன், தெயோ. மிஷின் என்னாச்சோன்னு வீட்டுல உக்கார முடியல. சந்திரகலா, மரீனுக்கு ஃபேக்ஸ் போச்சா?

— போச்சு, மதாம். ரிப்போர்ட் இதோ.

— த்ரே பியான், ரொம்ப நல்லது. இன்ஜினியர் வந்தாத்தான் ஆகும்னு நெனச்சிருந்தேன். பெரிய வேலை பண்ணியிருக்கே. சரி, மிஷின் மேல என்ன பேப்பர் அது?

— என்னோடது, மதாம். ஒங்களக் கேட்டுட்டு அனுப்பலாம்னு வெச்சிருந்தேன். இப்பத் தேவையில்லாமப் போயிடுச்சு.

— குடு பாக்கலாம்... பெத்தாங்க். பொம்பளைங்க அணி. அடிச்சிருக்கிற பேரு யாரு?

— அமிர்தவல்லின்னு, மதாம். வீட்டுல விட மாட்டேன்னுட்டாங்க.

— அவ உருட்டுறவளா, தூக்கியடிக்கிறவளா?

— அடிக்கிறவ... ஒங்களுக்கு அதெல்லாம் தெரியுமா, மதாம்?

— மணி என்ன, தெயோ?

— மூணு இருவது, மதாம். மூணரைக்கு முடியுது.

— பேனா குடு. சந்திரகலா, கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது.

— ஆள் இல்லாம அனுப்புனா தள்ளிடுவாங்க, மதாம்.

— தெரியும். எழுதியாச்சு. தெயோ, எழுத்துப் புரியுதான்னு படிச்சுப் பாரு.

— அடிச்ச பேருக்குக் கீழ... ஆன். மதாம், இது ஒங்க பேரு.

— வேற யார் பேர எழுதுவேன்? கையெழுத்தும் போட்டிருக்கேன். சந்திரகலா, அழுதுகிட்டு நிக்காம என் எண்ணைப் போட்டு அனுப்பு.

— அனுப்புறேன், மதாம்... அடிக்குது... எடுக்கல, இன்னும் எடுக்கல... எடுத்துட்டாங்க.

— தாள் கோணாமப் பாத்துக்க.

— நேராத்தான் போவுது. 'ஓகே', மதாம். 'ஓகே' வந்துடுச்சு. தெயோ, எங்க அண்ணிக்குப் போன் போடு. மூணு பேரும் இருக்கோம்னு சொல்லு.

— போட்டுட்டேன், ரிங்கு போவுது. நீயே சொல்லு, இந்தா.

— ஒரு நிமிஷம் இரு. மதாம், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சிக்கக் கூடாது. அங்க வர்றவங்க எல்லாம் அந்தக் கோப்பைக்குன்னே வருஷம் பூரா ஆடுறவங்க. நீங்க எப்பவாவது குண்டு கையில எடுத்திருக்கீங்களா?

— அந்தக் கோப்பையா? நான் அங்க படிக்கிறப்ப ஜெயிச்சது, எங்க வீட்டு வாசக்கதவுகிட்ட நிக்குது. அதுலதான் கொடை சொருவி வெச்சிருக்கேன்.