என்ஜினை அணைத்த பிறகும் வந்த இரைச்சல்

கார் ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தால் முதலில் எர்த் ஒயரைப் பார்க்க வேண்டும், சார். பெரும்பாலும் அதுதான் லூசாகிக் கிடக்கும். நான் கணபதி ஏரியாவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன். கரண்ட் வேலை எனக்குப் புதிதல்ல. அதனால்தான் என் மனைவி லோகப்பிரியா முதலில் என்னிடம் சொன்னாள்.

"ஏனுங்க, பாட்டுக் கேக்கறப்ப டிர்ர் டிர்ருன்னு ஒரு சத்தம் வருதுங்க. கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்."

பார்க்கிறேன் என்றேன், பார்க்கவில்லை. டேஷ்போர்டைக் கழற்றினால் உள்ளே நான் வைத்த பெட்டி வெளியே வந்துவிடும். தீப்பெட்டி அளவுதான், அதற்குள் ஒரு சிம். என் போனிலிருந்து கூப்பிட்டால் மணி அடிக்காமல் தானாக எடுத்துக்கொள்ளும். காருக்குள் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். தினமும் அவிநாசிக்கு வேலைக்குப் போய் வருகிறவள், வழியில் ஆயிரம் நடக்கும். சந்தேகம் என்று எழுதாதீர்கள், சார். அக்கறை என்று எழுதுங்கள்.

வாரக்கணக்கில் கேட்டேன். பாட்டோடு சேர்ந்து பாடுவாள். குறுக்கே வரும் பைக்குக்காரனைத் திட்டுவாள். அவள் அம்மாவிடம் முட்டுவலி விசாரிப்பாள். தப்பாக ஒரு சொல் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. யாரும் பார்க்காதபோதும் ஒரு பெண் இவ்வளவு ஒழுங்காக இருப்பாளா?

நான் இழுத்தடித்ததால் அவளே ஒரு கார் ஆடியோ கடைக்குப் போயிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் வழக்கம்போலக் கூப்பிட்டபோது காருக்குள் ஓர் ஆண் குரல். நவநீத் என்ற அந்தக் கடைக்காரன்தான்.

"என்ஜினை அமத்துங்க அம்மணி. இப்பவும் வருதுங்களா?"

"வருதுங்க."

"அப்ப என்ஜினோட ஓடற ஆல்டர்னேட்டர்ல கோளாறு இல்லீங்க. எர்த்தும் நல்லாத்தான் இருக்குது. இது போன் சிக்னல் சத்தமாட்டம் இருக்குதுங்க. உங்க போனை ஆஃப் பண்ணிப் பாருங்க."

உடனே பட்டறை போனிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். போனை அணைக்க அவன் காரணம் சொன்னான், இல்லையென்று சொல்லவில்லை. இந்த மாதிரி ஆட்கள் வேறு எண்ணம் இல்லாமல் எதையாவது கேட்பார்களா?

"பேசாம உக்காருங்க. மறுபடி வருதான்னு பாப்பம்," என்றான்.

அதற்குப் பிறகு இருவரும் வாயே திறக்கவில்லை. நான் போனை வைக்காமல் காதோடு அழுத்திக்கொண்டேன். லேசாக ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் சரியில்லை என்று நினைத்தேன். கதவு சாத்திய காருக்குள் ஓர் ஆணும் பெண்ணும் பேச்சில்லாமல் என்ன செய்வார்கள்?

காரைக் கடையில் விட்டுவிட்டு அவன் பைக்கில் வந்து தெருமுனையில் இறங்கினாள். போனை ஆன் செய்து சார்ஜில் போட்டுக்கொண்டே, "தங்கமான பையனுங்க. நாளைக்கு முழுசாக் கழட்டிப் பாத்துட்டுச் சொல்றன்னாருங்க," என்றாள். என்னிடமே சொன்னாள். நான் சிரித்தேன்.

தோட்டத்துக் கிணற்று மோட்டார் ஓடவில்லை, கூட ஒரு கை வேண்டும் என்றேன். அலுப்பாக இருந்தாலும் வந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆழம், சுற்றுச்சுவர் கிடையாது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து, "தண்ணி நெறையக் கெடக்குதுங்க," என்றாள்.

தள்ளினேன்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. உள்ளேயிருந்து "ஏனுங்க, ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டாள். அப்போதும் அந்த மரியாதையை விடவில்லை. சத்தம் அடங்கும்வரை மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் அவள் போன் அடித்தது. எடுத்தேன், பேசவில்லை.

"அம்மணி, நவநீத்துங்க. உங்க வண்டிக்குள்ள சிம் போட்ட பொட்டி ஒண்ணை ஆரோ ஒளிச்சு வெச்சிருக்காங்க. அவங்க ஒட்டுக் கேக்கறப்பத்தான் அந்தச் சத்தம் வருதுங்க. நேத்து நாம உக்காந்திருந்த நேரம் பூரா ஆரோ கேட்டிருக்காங்க. ஊட்டுல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதீங்க. பயமா இருந்தா எங்கூட்டுக்கு வந்துருங்க, எங்கம்மா இருக்காங்க. அம்மணி? கேக்குதுங்களா?"

வைத்துவிட்டேன். பதில் வராததால் அவன் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறான்.

நான் கேட்டதால்தான் இரைச்சல் வந்தது, இரைச்சல் வந்ததால்தான் அவள் அவனிடம் போனாள் என்கிறீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். பெட்டி வைத்தது நான். கிணற்றில் தள்ளியதும் நான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் நீங்களே யோசித்துப் பாருங்கள், சார். இடையில் ஒன்றுமே இல்லாவிட்டால், யாரோ ஒருத்திக்காக ஒருவன் இவ்வளவு பதறுவானா?