நாற்பத்து நாலாவது பாரம்

— மெம்பர் பாரம் குடுக்கறதுக்கு எனக்கு ஒண்ணுமில்லம்மா, அடுக்கடுக்கா கெடக்குது. ஆனா வியாழக்கெழம லாரி வந்து மெசின் எல்லாத்தையும் ஏத்திக்கினு கீழ போயிடும். இன்னிக்கு திங்க. இந்த மூணு நாளைக்கு எதுக்கும்மா ஊரு பொதுப் பட்டறையில மெம்பராவறது?

— மூணு நாளுன்னா மூணு நாளு. நீங்க பாரத்த எடுங்க பாய்.

— எடுக்கறேன். கணக்கா சொல்லணும்னா இது நாப்பத்து நாலாவது பாரம். உங்களுக்கு முன்னால நாப்பத்து மூணு பேரு எழுதிக் குடுத்தாங்க. ஆவணியில ஷெட்டு போட்டோம், இப்ப பங்குனி. ஏழு மாசத்துல ஒருத்தராவது இந்த ரம்பத்துல ஒரு கட்டைய வெச்சிருப்பாங்களா?

— வெக்கல.

— வெக்கலன்னு நீங்களே சொல்றீங்க. வாரத்துக்கு ஒரு தபா இன்ஜின ஓட்டி, தொடச்சி, எண்ண போட்டு மூடி வெக்கறேன். கோயில் சாமிக்கு பண்ற மாதிரி.

— அத்த உடுங்க. இது இன்னா பாய், வட்டமா பல்லு பல்லா?

— அதாம்மா ரம்பம். நீங்க கைரம்பம் வெச்சி ஒரு நாளு பூரா அறுக்கறத இது ஒரு பீடி புடிக்கற நேரத்துல அறுத்துடும். கிட்ட போவாதீங்க.

— ஓடாத மெசின் இன்னா பண்ணிடப் போவுது. அது?

— டிரில்லு. துள போடறது. பக்கத்துல இருக்கறது சாணைக்கல்லு, அருவா கோடாலி தீட்ட.

— துள எத்தினி பெருசு போடும்?

— ஊசி மொத்தத்துல இருந்து சுண்டுவெரல் மொத்தம் வர. எதுக்கு கேக்கறீங்க?

— தேனீ நொழையற அளவுக்கு போடுமா?

— தேனீக்கு எதுக்கும்மா துள?

— தேன் பொட்டிக்கு. படவேட்டுல ஒரு வாழத்தோப்புல பாத்தேன். மரப்பொட்டி, உள்ள சட்டம் சட்டமா தொங்குது. ஈங்க அதுல வந்து அட கட்டுது. தோ பாருங்க கயிறு, முடிச்சு போட்டு அளந்துனு வந்துட்டேன். இது நீளம், இது அகலம், இந்த முடிச்சு ஒசரம்.

— தோப்புக்காரன் சொம்மா உட்டானா?

— எரும காணோம், தேடறேன்னு சொன்னேன். கையில கயிறு இருந்துதில்ல.

— கெட்டிக்காரிதாம்மா நீங்க. ஆனா மலையில இல்லாத தேனா? இதுக்குப் போய் பொட்டி எதுக்கு?

— மலையில இருக்கற தேனு பாறையில இல்ல இருக்குது. சித்திர பொறந்தா எங்க வூட்டுக்காரரு கொடியில தொங்கிக்கினு எறங்கணும். போன வருசம் அவரு தம்பி லட்சுமணன் எறங்கினாரு. கொடி அறுந்து போச்சு. இன்னிய வரைக்கும் ரெண்டு காலும் ஊனி நிக்கல. ஈ வூட்டாண்டயே வந்து கட்டிடுச்சின்னா இவரு பாறைக்குப் போவ மாட்டாரு பாய்.

— கேள்விப்பட்டேம்மா, லட்சுமணன் சமாச்சாரம். பொட்டி செய்யணும்னா நாலு நாளு ஆவும். லாரிக்கு மூணு நாளுதான் இருக்குது.

— அப்ப லாரி வரக் கூடாது. யாரு பாய் அத்த வரச் சொன்னது?

— மெசின் குடுத்த ஆபீசு உத்தரவும்மா. அத்த உடுங்க. பேரு அம்சவல்லி, எழுதிட்டா ஆச்சு. வூட்டுக்காரரு பேரு அர்ச்சுனன்... இருங்க இருங்க. அர்ச்சுனன் இந்த ரிஜிஸ்டர்ல இருக்கறாரே. பதினேழாவது நம்பரு.

— இருப்பாரு. எழுதிக் குடுத்தப்ப நானும் கூடதான் வந்தேன்.

— அப்ப உங்களுக்கு பாரம் கெடையாதும்மா. வூட்டுக்கு ஒரு மெம்பருதான், ரெண்டாவது சட்டம்.

— மொத சட்டம் இன்னா?

— இந்த மலையில ஆறு மாசத்துக்குக் கொறையாம குடியிருக்கணும்.

— பொறந்திருக்கணும்னு இல்லையா?

— இல்ல. குடியிருந்தா போதும். மூணாவது, ரெண்டு மெம்பருங்க கையெழுத்தோ ரேகையோ போடணும், நல்ல மனுசருதான்னு. நாலாவது, மொதல்ல செய்யப் போற பண்டம் இன்னான்னு சொல்லணும். மேஜ, ஏரு, பொட்டி, எதுவா இருந்தாலும். இதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? வூட்டுல மெம்பரு இருக்கறாரு, அவர வந்து பலக அறுக்கச் சொல்லுங்க.

— அவரு வர மாட்டாரு.

— அதாம்மா, அதத்தான் நானும் கேக்கறேன். ஏன் வர மாட்டாரு? உங்க ஊரு ஆளுங்க வர்றாங்க, வாசல்ல நிக்கறாங்க, உள்ள எட்டி எட்டிப் பாக்கறாங்க. "இன்னா பாய், நல்லாக்கீறீங்களா"ன்னு கேட்டுட்டு போய்ட்டே இருக்கறாங்க. நேத்து கூட நாலு பேரு. நான் ஒண்ணு சொல்லட்டுமா, மனசுல வெச்சிக்காதீங்க. நான் வாணியம்பாடிக்காரன், தோலு ஷாப்புல மெசின் பாத்தவன். இவன் கையி பட்ட மெசினு நமக்கு வேணாம்னு நெனைக்கறாங்க. எனக்குப் புரியாம இல்ல.

— நேத்து ராத்திரி இன்னா சாப்ட்டீங்க பாய்?

— ராணியம்மா குடுத்த சாமையரிசி சோறு.

— முந்தாநேத்து?

— கோபால்சாமி வூட்டு களி.

— அவங்க வூட்டு தட்டுல போட்டு, அவங்க வூட்டு பசங்ககூட ஒக்கார வெச்சி குடுத்தாங்க. சோத்துக்கு இல்லாத தோலு வாசன மெசினுக்கு வந்துடுச்சா?

— அதாம்மா எனக்கே வெளங்கல. அப்ப எத்த எட்டிப் பாக்கறாங்க?

— உங்க கட்டில.

— கட்டிலயா?

— மூலையில கெடக்குதே. ஒரு காலு ஒடிஞ்சி, கல்லு வெச்சி முட்டு குடுத்துனு படுக்கறீங்களே, அந்த கட்டிலு. ஊரு பூரா அதாம் பேச்சு. காலையில ஆம்பளைங்க வந்து பாத்துட்டு வந்து சொல்லுவாங்க, "இன்னும் கல்லுதான் இருக்குது"ன்னு. ஒரு தபா கல்ல மாத்தி வெச்சீங்களாம். அன்னிக்கு பாதி ஊரு இங்க வர கெளம்பிடுச்சி.

— என் கட்டில் காலுக்கும் ஊருக்கும் இன்னாம்மா சம்பந்தம்?

— நீங்க ஏன் அத்த செஞ்சிக்கல? மரம் அறுக்கற மெசினு தலமாட்டுல இருக்குது.

— அது பொது மெசினும்மா. என்னுது இல்ல. ஏழு மாசத்துல ஒரு ஆணி, ஒரு கட்டத்துண்டு எனக்குன்னு நான் தொட்டதில்ல. அல்லா மேல சத்தியமா சொல்வேன். நாளைக்கு எவனும் வந்து, ஊரு சொத்துல ஜப்பார் கட்டிலு பண்ணிக்கிட்டான்னு ஒரு வார்த்த பேசக் கூடாது.

— அதான் பாய் கெட்டுது.

— நேர்மையா இருந்ததா கெட்டுது?

— கேளுங்க. எங்க ஊர்ல ஒருத்தரு வெளியூருல இருந்து புது வெத கொண்டாந்தா இன்னா பண்ணுவோம் தெரியுமா? அவரு மொதல்ல தன் நெலத்துல ஒரு கையி போடணும். அப்புறம்தான் மத்தவங்க மடி ஏந்துவோம். அவரு போடறதுக்கு மின்ன நாங்க எடுத்தா, அது வாங்கினது இல்ல, அடிச்சினு போனது. கொண்டாந்தவரு வாய்க்கு மின்ன நாங்க கைய நீட்டலாமா?

— நான் வெத கொண்டாரலியேம்மா.

— மெசின கொண்டாந்தீங்க. போளூருல இருந்து ரெண்டு மாட்டு வண்டியில, மழையில, இன்ஜினு பக்கத்துலயே நடந்து வந்தீங்க. நாங்க பாத்தோம். உங்களுக்குன்னு ஒண்ணு செஞ்சிக்குங்க, அப்புறம் நாங்க வர்றோம்னு காத்துனு இருக்கறோம். கொளத்து மேட்டு சக்கரவர்த்தி ஏருக்கு மரம் வெட்டி நாலு மாசமா காய வெச்சிருக்கறாரு. முத்தம்மா கதவுக்கு பலக எடுத்து வெச்சிருக்கறா.

— இத்த ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?

— கொண்டாந்தவருகிட்ட போயி, சீக்கிரம் போடுங்க, எங்களுக்கு வேணும்னு கேக்கறதா? வெக்கமா இருக்காது?

— இப்ப நீங்க சொல்றீங்களே.

— எனக்கு சித்திர வருது பாய். வெக்கத்த வூட்டுல வெச்சிட்டு வந்தேன்.

— யா அல்லா. கல்லு வெச்சது... நான் இன்னா நெனச்சுனு இருந்தேன், நீங்கள்லாம் இன்னா நெனச்சுனு இருந்தீங்க.

— அதனால அந்த பாரம் எனக்கு இல்ல. உங்களுக்கு.

— எனக்கா?

— சட்டம் நீங்கதானே சொன்னீங்க. மலையில ஆறு மாசம், நீங்க ஏழு மாசம். வூட்டுக்கு ஒருத்தரு, உங்க வூட்டுல நீங்க ஒருத்தருதான். ரெண்டு மெம்பரு வேணும், எங்க வூட்டுக்காரரும் கோபால்சாமியும் வெளிய மரத்தாண்ட நிக்கறாங்க, கூப்ட்டா வருவாங்க. மொதல்ல செய்யப் போற பண்டம், கட்டில் காலு.

— நான் சம்பளத்துக்கு இருக்கறவன்மா. மெசின பாத்துக்கற ஆளே மெம்பரா சேர்றது முறையில்ல.

— சேரக் கூடாதுன்னு சட்டத்துல எழுதியிருக்குதா? படிச்சிப் பாருங்க.

— ...எழுதல.

— கடேசி வர படிச்சீங்களா?

— படிச்சேன். எழுதல.

— அப்ப எழுதுங்க. ஜப்பாரு. அப்பா பேரு நீங்களே போட்டுக்குங்க. இன்னிக்கு பொழுது சாயறதுக்குள்ள காலு அறுத்துடுங்க. ரம்ப சத்தம் கேட்டா போதும், விடிஞ்சதும் நாப்பத்து மூணு வூடும் மரத்த தூக்கினு வந்துடும். வியாழக்கெழம லாரி வந்தா வரட்டுமே. ஊரே நின்னு வேல செஞ்சினு இருக்கறப்ப டிரைவரு எத்த கழட்டுவான்?

— ஆபீசுல கேப்பாங்கம்மா. இங்க யாருக்கும் மெசினு வேணாம்னு அவங்களுக்கு தகவல் போயிருக்குது.

— எவன் சொன்ன தகவலு? இங்க வந்து ஒரு ஆள ஒரு வார்த்த கேட்டானா? வேணாம்னு கடுதாசி எழுதினவன் மட்டும் எங்கிட்ட மாட்டட்டும் பாய். அவன் கையில கொடிய குடுத்து பாறையில எறக்கி உட்டு, எங்க வூட்டுக்காரருக்கு பதிலா நீ தேனு எடுன்னு சொல்லணும். ஏன் பாய், பேனாவ கீழ வெச்சிட்டீங்க?

— அந்த கடுதாசிய எழுதினதும் இந்த பேனாதாம்மா.