தேறி வீடு திரும்பினார்

ஏசி போதும்ண்ணே, கூட்டாதீங்க. கண்ணாடிய இறக்கி விடுங்க, பின்னாடி பினாயில் நெடி தாங்கல. ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸத் தேச்சுக் கழுவினீங்களா? எனக்காகவா? ஐயோ பாவம். ஆஸ்பத்திரி பூரா இதே கூத்துதான். வாசல்ல சாமந்தித் தொட்டி, வார்டுல புதுத் திரை, அதுல கடை மடிப்புகூட இன்னும் போகல. ஊர் ஊராப் போயி ஆஸ்பத்திரில வைத்தியம் ஒழுங்கா நடக்குதா, அதுக்கு என்ன செலவாகுதுன்னு அளக்குறதுதான்ண்ணே என் உத்தியோகம். தலை நரைச்சதே அதுலதான். எனக்குத் திரை போட்டுக் காட்டுறாங்களாம் திரை.

என்ன, மறுபடியும் மணி பாக்குறீங்க? பஸ் ஸ்டாண்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம்? முக்கா மணியா. அப்ப நீங்க திரும்பிப் போயிச் சேர ராத்திரி ஆயிடும். அதான் இந்த மிதி மிதிக்கிறீங்களா? மெதுவாப் போங்கண்ணே, பாங்காக் பஸ் எங்கயும் ஓடிடாது. ட்ரிப் இருக்கா? யாரு? ம்... பொம்பளைங்க வார்டு, நாலாம் படுக்கை. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். சரி சரி, முழுங்காதீங்க. சாகப் போற கிழவிய மூச்சு நிக்கறதுக்குள்ள வீட்டுல கொண்டு போயி இறக்கணும், அதானே? இத என்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு உங்க டைரக்டர் காலைலயே எல்லாருக்கும் பாடம் எடுத்திருப்பாரே.

இன்னொரு வண்டி என்ன ஆச்சு? கியர்பாக்ஸ் போயி ஒர்க்ஷாப்புல நிக்குதா. எத்தன மாசமா? பாத்தீங்களா. கியர்பாக்ஸுக்குக் காசில்ல, திரைக்குக் காசிருக்கு. நான் டாக்ஸி பிடிச்சுப் போயிக்கிறேன்னுதான் சொன்னேன். கேட்டாரா மனுஷன்? கும்பிடு மேல கும்பிடு போட்டு, மேடம் எங்க வண்டிலதான் போகணும், எங்க கௌரவம் என்னாகுறதுன்னு கதவத் தொறந்து உள்ள தள்ளாத குறை. உங்க டைரக்டர் டாக்டர் வோரபோனுக்கு கௌரவம்னா அப்படி ஒரு பிரியம்.

காலைல அவரு ஸ்லைடு போட்டுப் படம் ஓட்டினாரு பாருங்க, நீங்க பாக்கணும். மொதப் படத்துல வயலுக்கு மேல சூரியன் உதிக்குது. ரெண்டாவதுல அவரே உதிக்கிறாரு. மூணாவதுலதான் விஷயம். போன வருஷம் முழுக்க இந்த ஆஸ்பத்திரில செத்தவங்க மொத்தம் ஒம்பது பேராம். அறுபது படுக்கை, பக்கவாதம், சிறுநீரகம் போனவங்க, மோட்டார் சைக்கிள்ல அடிபட்டவங்க, எல்லாம் சேத்து ஒம்பது. பாங்காக்ல வெளிநாட்டுல படிச்ச டாக்டருங்க, கோடி கோடியா மெஷினு, அங்ககூட இப்படி ஒரு அதிசயம் நடக்கல. மத்தவங்க எல்லாரும் என்னவாம்? தேறி வீடு திரும்பினார். வரிசையா, பக்கம் பக்கமா, தேறி வீடு திரும்பினார். உங்க வண்டி ஏறின அத்தன பேரும் தேறிட்டாங்கண்ணே. அப்பறம் ஊருல போயி அந்தத் தேறினவங்களுக்கெல்லாம் கருமாதிச் சோறு சாப்பிட்டீங்களா இல்லியா?

சிரிக்காதீங்க. நான் சிரிக்கறதுக்குச் சொல்லல.

செலவக் கேளுங்க இன்னும். மாகாணத்துலயே ஒரு நோயாளிக்குக் கம்மியாச் செலவு பண்ற ஆஸ்பத்திரி இதுதானாம். அதுக்கு ஒரு கேடயம் வேற தரப் போறாங்க. கம்மியா ஆகாம என்ன செய்யும்? கடைசி வாரம்தான்ண்ணே செலவு தின்னும். அந்த வாரத்தத்தான் நீங்க வண்டில ஏத்தி அனுப்பிடுறீங்களே. மிச்சம் இருக்கற நாளு எப்படி ஓடுதுன்னு வராந்தாவுல பாத்தேன். பாய் விரிச்சு சொந்தக்காரங்க. தொடைக்கறது அவங்க, திருப்பிப் போடுறது அவங்க, ஒட்டுச் சோத்த உருட்டி ஊட்டுறது அவங்க. வயல விட்டுட்டு, வேலைய விட்டுட்டு வந்து கிடக்குறாங்க. அவங்க செலவ எவன் கணக்குல சேத்தான்? ஒருத்தனும் சேக்கல. அதுக்குப் பேரு சிக்கனம்னு ஒரு படம். பின்னாடி ரோஜாப்பூ வேற.

இருங்க, போனு. ...கட் பண்ணிட்டேன். தம்பி. அவனுக்கு எதுக்கெடுத்தாலும் என்னைக் கூப்பிடணும். அப்பறம் பேசிக்கலாம்.

யாருகிட்டண்ணே பேசுறீங்க? பாலம் வருதுன்னு என்கிட்டயா சொன்னீங்க? ஓ, பழக்க தோஷமா. நல்லாருக்கே! பின்னாடி பொணம் வந்தா, ஆவி வழி தப்பிடாம கூடவே வரட்டும்னு பாலத்துக்குப் பாலம், முக்குக்கு முக்கு சொல்லிக்கிட்டே போகணும். தெரியும்ண்ணே, தெரியும். என் பாங்காக் பேச்சப் பாத்து ஏமாந்துடாதீங்க. நானும் இந்த ஈசான் மண்ணுல பொறந்தவதான், கருவாட்டுத் தண்ணி ஊத்தாத பப்பாளி சாலட் எனக்கும் எறங்காது. ஆனா நான் இன்னும் சாகல, எனக்குப் பாலம் சொல்ல வேணாம்.

மூடநம்பிக்கைன்னு சொல்ல மாட்டேன். சொல்லி அலுத்துப் போச்சு. வெளிய செத்தா வீட்டு வாசல ஏத்த மாட்டீங்க, நேரா கோயிலுக்குத்தான் கொண்டு போவீங்க. ஆவி ஆஸ்பத்திரி வராந்தாவுலயே சோறு கேட்டுச் சுத்தும்பீங்க. இருக்கட்டும், உங்க இஷ்டம். ஆனா ஒரு நர்ஸுப் பொண்ண பின்னாடி குந்த வெச்சு, இந்தக் குண்டும் குழியுமான ரோட்டுல, மூச்சுக் குழாயில மாட்டின காத்துப் பையக் கையால அமுக்க விட்டு ஓட்டிட்டுப் போறது வைத்தியமா? வீட்டுல போயி இறக்கினதும் அந்தப் பொண்ணுதான் குழாய உருவணும். இருபத்திரெண்டு வயசுப் பொண்ணு. அதுக்கப்பறம் உங்ககூட முன் சீட்டுல உக்காந்து திரும்பி வருவா. பேசுவாளா வழில? பேச மாட்டா இல்ல. அத அளக்க என்கிட்டக் கருவி இல்லண்ணே. ஆனா அது நல்ல வைத்தியம்னு எழுத என்னால முடியாது. அதான் போன வருஷம் சுற்றறிக்கை விட்டேன். குழாயோட ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அனுப்பினா ஆஸ்பத்திரியோட தரச் சான்றிதழ் போயிடும், சான்றிதழ் போனா மானியம் போயிடும்னு.

ஆமா. அந்த மகராசி நான்தான். இவ்வளவு நாளா யாரத் திட்டினீங்களோ அவளத்தான் பக்கத்துல வெச்சு ஓட்டிட்டு வர்றீங்க.

உங்க டைரக்டரு மட்டும் கேக்கல. மத்த ஆஸ்பத்திரியெல்லாம் பயந்து நிறுத்திட்டான். இவரு மட்டும் திருட்டுத்தனமா அனுப்பிக்கிட்டே இருக்காரு. நல்ல மனசுன்னு நினைக்கிறீங்களா? போங்கண்ணே. நல்ல மனசு இருந்தா ஏன் தேறிட்டாங்கன்னு எழுதணும்? சாகத்தான் அனுப்பினேன், அவங்க கேட்டாங்க, அனுப்பினேன்னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க பாப்போம். கேடயம் போயிடுமே. அவருக்கு நல்ல பேரும் வேணும், கேடயமும் வேணும். இன்னைக்கு ஒருநாள் மட்டும் பயம் வந்துடுச்சு, அளக்கறவ வந்திருக்காளேன்னு. இன்னைக்கு ட்ரிப்பு கிடையாது, மேடம் பஸ் ஏறட்டும், அப்பறம் பாத்துக்கலாம். அப்படித்தானே சொன்னாரு? நீங்க சொல்ல வேணாம், எனக்குத் தெரியும்.

அந்த ஹெட் நர்ஸு சிரிவான், அவ அதுக்கு மேல. காலைல வார்டுல கேட்டேன், நாலாம் படுக்கைக்கு எப்படி இருக்குன்னு. நல்லாத் தேறிட்டு வர்றாங்க மேடம், நாளைக்கு வீட்டுக்குப் போயிடுவாங்கன்னா. கண் இமைக்கல. அந்தம்மாவுக்குத் தொண்டைல குழாயி, காலு ரெண்டும் வீங்கி மினுமினுங்குது, நகம் நீலம் பாய்ஞ்சு கிடக்கு. நல்லாத் தேறிட்டாங்களாம். புருவத்துக்குக்கூட மை தீட்டிட்டு வந்திருந்தா, எனக்காக.

மறுபடியும் தம்பிதான். அடிக்கட்டும்.

இன்னும் எத்தன தூரம்? பாதி வந்தாச்சா. ...அந்தம்மா ஊரு இந்தப் பக்கமா? அந்தப் பக்கமா. ஆஸ்பத்திரியத் தாண்டி வடக்கால. அதுவும் தூரம்தான். அது எனக்குத் தெரியும், சும்மா கேட்டேன். உங்க அனுபவத்துல சொல்லுங்கண்ணே, காலைல நகம் நீலமானவங்க இருட்டுற வரைக்கும் தாங்குவாங்களா? சிலபேரு தாங்குவாங்க. ம். சிலபேரு வீட்டப் பாக்கணும்னு பிடிச்சு வெச்சுக்குவாங்களா. அதெல்லாம் சொல்லாதீங்க. அதுக்கெல்லாம் ஆதாரம் கிடையாது.

நிறுத்துங்க. நிறுத்துங்கண்ணே. கோழி சுடுறாளே, அந்தக் கடையோரம் நிறுத்துங்க.

எனக்கு ஒண்ணும் இல்ல. வாந்தியும் இல்ல. தண்ணி வேணாம். இந்த மெசேஜப் படிங்க, எனக்குக் கண்ணாடி இல்லாம சரியாத் தெரியல. இல்ல, தெரியுது. படிச்சுட்டேன். இன்னும் மூச்சு இருக்காம். வண்டி எப்ப வரும்னு சொந்தக்காரங்க கேக்குறாங்கக்கா, அந்தப் பொம்பள போயிட்டாளான்னு கேட்டிருக்கான். அந்தப் பொம்பள நான்தான்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கேட்டிருக்கான் நாயி.

வண்டியத் திருப்புங்க. பஸ்ஸு போனாப் போகட்டும்.

நாலாம் படுக்கை எங்கம்மாண்ணே.

அப்படிப் பாக்காதீங்க. எனக்குக் கல்யாணத்துக்கப்பறம் புருஷன் வீட்டுப் பேரு, யாருக்குத் தெரியப் போகுது. நேத்து சாயங்காலம்தான் தம்பி கொண்டு வந்து சேத்திருக்கான். என் அக்கான்னு வாயத் தொறக்காதடான்னு நான்தான் சொன்னேன். சொந்தம் இருக்கற ஆஸ்பத்திரிய அளக்கக் கூடாதுன்னு சட்டம், அதுவும் நான் எழுதினதுதான். ரெண்டு வருஷமா இந்த டைரக்டரப் பிடிக்கக் காத்துக்கிட்டிருந்தேன், விட்டுட்டுப் போக மனசு வரல. காலைல வார்டுக்குள்ள போறேன், என் பின்னால ஏழு பேரு பேனாவும் கையுமா. வராந்தாவுல தம்பி பாய்ல உக்காந்திருக்கான், அவனத் தாண்டிப் போனேன். அம்மா கண்ணத் தொறந்தாங்க. என்னைப் பாத்தாங்க. வாயில குழாயி, பேச முடியாது. சிரிவான் சொன்னாளே, நல்லாத் தேறிட்டு வர்றாங்கன்னு. நான் சரின்னு தலையாட்டிட்டு அஞ்சாம் படுக்கைக்குப் போயிட்டேன்.

நான் கிளம்பிட்டா உடனே அனுப்பிடுவாங்கன்னு நினைச்சேன். ஓடுறது ஒரே வண்டின்னு எனக்கென்ன தெரியும்? ஏறி உக்காந்ததுக்கப்பறம் நீங்க மணியப் பாத்தப்பதான் புரிஞ்சுது. அப்பவே சொல்லியிருக்கணும். வாயி வரல, அதுக்குப் பதிலா இவ்வளவையும் பேசிட்டேன்.

இல்ல, ரிப்போர்ட்ட மாத்த மாட்டேன். அது என் பேக்ல இருக்கு, எழுதினது எழுதினதுதான். வோரபோன் பொய்க்கணக்குக்காரன், சான்றிதழ் கிடையாது. நான் இங்க வந்திருக்கவே கூடாதுன்னு அதுக்குக் கீழயே எழுதிடுறேன், என் சீட்டும் போகட்டும். அத நாளைக்குப் பாத்துக்கலாம். நீங்க மிதிங்கண்ணே, இப்ப மிதிங்க. பயமா இருக்கு எனக்கு.

தம்பி, நான்தான். வண்டி வருது. பாயச் சுருட்டி வெச்சுட்டு, உசிரு நழுவாம இருக்க அம்மா கைல வெள்ளை நூல் கட்டு. வீட்டுல மேல் ரூம்பு வேணாம், கீழயே மெத்தையப் போடச் சொல்லு. அழாதடா. வெச்சுடு.

ரெஜிஸ்டர் கட்டத்துல என்ன போடணும்னு சிரிவான் என்னைக் கேப்பா, முழிப்பா. தேறி வீடு திரும்பினார்னே போடச் சொல்லிடுறேன். அது ஒண்ணு மட்டும் என் பொய்யா இருக்கட்டும்.

நான் பின்னாடி அம்மாகூட உக்காந்துக்கிறேன், பைய அமுக்க அந்தப் பொண்ணு வேணாம், எனக்கும் தெரியும், நானும் நர்ஸாத்தான் ஆரம்பிச்சேன். குழாயையும் நானே எடுத்துக்கிறேன். ஆஸ்பத்திரிலேர்ந்து எங்க ஊருக்கு மூணு பாலம். வாய்க்காப் பாலம், மரப்பாலம், அப்பறம் கோயிலுக்கு முன்னால சின்னது ஒண்ணு, தெரியாதவங்களுக்கு அது பாலம்னே தெரியாது. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே. பாலம் வந்தா நானே சொல்லிக்கிறேன்.