ஒரு பக்கம் ஈரம்

நாற்பத்தொரு நாள் விடாமல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். வீட்டில் அதைப் பெரிய அதிசயமாகப் பேசிக்கொண்டார்கள். எதையும் மூன்று நாளைக்கு மேல் செய்யாதவள் என்று எனக்குப் பெயர். நான் குழாயை இழுத்துக்கொண்டு வெளியே போகும்போதெல்லாம் அண்ணன் வானத்தைப் பார்த்து, "இன்னிக்கு மழை நிச்சயம்" என்பான். நல்லவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம், அப்புறம் மறந்துபோய்விடக் கூடாது.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். வழுக்கும் தரையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும், கார் சறுக்கிக்கொண்டு போகும். அதைத் தடுக்க ஒவ்வொரு காரிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. சக்கரம் நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் அது பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும். சக்கரம் உருண்டதும் மறுபடி கூட்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் பல தடவை. காலுக்கடியில் பெடல் கடகடவென்று உதறும். புதியவர்கள் பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எனக்கு அந்த உதறல் பிடிக்கும், யாரோ பேச்சுக் கொடுப்பது மாதிரி இருக்கும். மனிதர்களோடு எனக்கு அவ்வளவாகப் பேச வராது. எவ்வளவு குறைக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் கூட்ட வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்லித்தருவதுதான் என் வேலை.

எங்கள் சோதனைத் தடத்தில் ஒரு துண்டு உண்டு. இடது பாதி வழவழப்பான ஓடு, வலது பாதி தார். காலையில் இடது பாதிக்கு மட்டும் தண்ணீரைத் திறந்துவிடுவோம். அங்கே பிரேக் போடுவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பரீட்சை. தார்ப் பக்கம் கவ்வும், ஈரப் பக்கம் வழுக்கும். சக்கரத்துக்குச் சக்கரம் தகுதி பார்த்து அழுத்தம் கொடுத்தால் கார் தார்ப் பக்கமாகச் சுழன்றுவிடும். அதனால் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் ஒரே சட்டம். நோஞ்சானுக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் பலசாலிக்கும். முன்னால் இருக்கிற பலசாலிக்கும் மெல்ல மெல்லத்தான் ஏறும்.

சோதனைக் கார் ஓட்டுகிறவரை நாங்கள் எல்லோரும் மாமா என்று கூப்பிடுவோம். அவர் ஒருநாள், "இது கூட்டுக் குடும்பம்மா" என்றார். "எங்க வீட்டுக்கு எப்ப வந்தீங்க மாமா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே ஜோக் அதுதான்.

எங்கள் வீட்டு நோஞ்சான் அண்ணன். சின்ன வயதில் அவனுக்கு மூச்சு வாங்கும், அதனால் நானும் ஓடக் கூடாது. அவனுக்குச் சைக்கிள் வரவில்லை, எனக்கு வாங்கவில்லை. நான் வகுப்பில் முதலாவதாக வந்த அன்று அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, "அண்ணன் சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லு" என்றாள். அவன் சாப்பிட்டான், தூங்கியும் போனான். கொடுமை என்று எதுவும் இல்லை. வண்டி சுழலாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

உறைந்த ஏரியின் மேல் கார் ஓட்டிச் சோதிக்கிற ஊருக்கு இரண்டு வருடம் என்னை அனுப்புவதாக அலுவலகத்தில் சொன்னார்கள். வீட்டில் சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "அவன் ஒரு நிலைக்கு வரட்டும்மா. அப்புறம் நீ எங்க வேணாலும் போ." அண்ணனுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது.

எனக்குச் சண்டை போட வராது. அந்த வாரக் கடைசியில் வீட்டுக் காரின் பெட்டியிலிருந்து அந்தச் சட்டத்தை மட்டும் எடுத்துவிட்டேன். இனி ஒவ்வொரு சக்கரத்துக்கும் அதனதன் தகுதிக்கு உரியது. நியாயமாகப் பார்த்தால் அது ஒரு திருத்தம். சாதாரணச் சாலையில் வித்தியாசமே தெரியாது. பிரேக்கைச் சரிசெய்திருக்கிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "என்ன பண்ணின குட்டி? ஆணி அடிச்ச மாதிரி நிக்குது" என்றான். பாவம், எதையும் நம்பிவிடுவான்.

எங்கள் வீட்டுக்கு வரும் சாலை இறக்கம். இடது பக்கம் உயரமான கருங்கல் மதில், எப்போதும் நிழல். வலது பக்கம் நாளெல்லாம் வெயில், அதை ஒட்டி இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் பள்ளம். வளைவுக்கு மிக அருகில் வந்துதான் அண்ணன் பிரேக் போடுவான். அம்மா சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. நான் தினமும் காலையில் மதில் ஓரமாகக் குழாயைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். சில வாரங்களில் பாசி பட்டுத் துணி மாதிரி படர்ந்தது. நடந்து வருகிறவர்களை வெயில் பக்கமாக வரச் சொல்லுவேன். யாருக்காவது கால் வழுக்கிவிட்டால் பாவம் அல்லவா.

கடைசி வாரத்தில் அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றான். அப்பாவிடம் பேசிவிட்டானாம். "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன், அவளை விடுங்கன்னு சொல்லிட்டேன். நீ கிளம்பு குட்டி. வரும்போது எனக்கு ஒரு ஸ்வெட்டர் மட்டும் வாங்கிட்டு வா." அப்பாவும் சரி என்றுவிட்டார். எனக்குச் சந்தோஷம்தான். துணிமணிகளை மடித்து வைத்தேன்.

பழைய சட்டத்தைப் பெட்டிக்குள் திரும்ப வைப்பது ஒரு டீ ஆறுகிற நேரத்து வேலை. மறுநாள் காலையில் நான் குழாயைத்தான் எடுத்தேன். தடத்தைத் தயார் செய்துவிட்டுப் பரீட்சை பார்க்காமல் விடுகிற பழக்கம் எங்கள் வேலையில் கிடையாது.

வியாழக்கிழமை சாயங்காலம். மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கார் வலது பக்கமாக அரைச் சுற்றுச் சுழன்றது, கணக்குப்படியே. அண்ணன் கடைசிவரை காலை எடுக்கவில்லை. பெடல் உதறினால் பயப்படாதே, விடாமல் மிதி என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். சொன்ன பேச்சுக் கேட்கிறவன். கைப்பிடிச் சுவர் பழையது.

எல்லாம் முடிந்த பிறகு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீ எங்கேயும் போகாதே, எங்களுக்கு இருக்கிறது நீ ஒருத்திதான்" என்றாள். என்ன செய்வது, சரி என்றேன்.

உங்கள் போலீஸ்காரர்கள் எங்கள் காரிலிருந்து கழற்றிய பெட்டியை வேறொரு காரில் மாட்டி மாமா எங்கள் தடத்தில் ஓட்டிப் பார்த்தாராம். "கூட்டுக் குடும்பத்தைப் பிரிச்சு விட்டிருக்காங்க" என்று உங்களிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். அவர் தப்பாகச் சொல்ல மாட்டார். பெட்டியில் நான் செய்ததைத் திருத்தம் என்று எங்கேயும் வாதாடுவேன்.

ஆனால் நீங்கள் காரைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. மூன்றாவது தடவையாக, குரலை உயர்த்தாமல், ஒரே கேள்வி: "என்ன செடிம்மா?" நாற்பத்தொரு நாளில் எங்கள் வீட்டில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை. ரோஜா என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். மதில் முடிகிற இடத்தில் தார் தொடங்குகிறது, நடுவில் ஒரு விரற்கடை மண் கிடையாது.

அங்கே செடியே இல்லை, மேடம்.