தொண்ணூறு என்று நான் எழுதிய இரண்டு வரிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் பேராசிரியர் சகாயநாதன் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பெலிண்டா மேடத்தின் தாயார் லூர்துராணி அம்மா அவர்களே, திருச்சியிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களே, மாணவர்களே, ஸ்ரீரங்கத்து எங்கள் தெருக்காரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் ராசாத்தி. முனைவர் பெலிண்டா மேடம் தினமும் பலூன் விட்ட அடுக்குமாடிக்கு என் அப்பா வெள்ளைச்சாமி காவலாளி. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். மைக் முன்னால் நின்று பழக்கமில்லை. எழுதி வந்ததைப் படிக்கிறேன். நிமிர்ந்து பார்க்கவில்லை என்று தவறாக நினைக்காதீர்கள். பார்த்தால் பேச்சு நின்றுவிடும்.

எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினீர்கள். மேடத்தோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தேன் என்றார் ஒருவர். பத்து வருடம் ஒன்றாக வேலை பார்த்தேன் என்றார் இன்னொருவர். கீழே உட்கார்ந்திருந்த எனக்கு என்ன வந்தது தெரியுமா? பொறாமை! எனக்குக் கிடைத்தது பதினோரு மாதம். அதிலும் காலை ஐந்தரை முதல் ஆறேகால் வரை. அதற்குள் காய்ச்சல் வந்து, ஒன்பதாம் நாள் மேடம் போய்விட்டார். முப்பத்து நான்கு வயது. இது போகிற வயதா?

அந்த மாடியில் மேடம் என்ன செய்தார்? தரையில் ஒரு காற்று அடிக்கும். ஆயிரம் அடிக்கு மேல் வேறு காற்று அடிக்கும். உயரத்துக்கு உயரம் வேகமும் திசையும் இப்படித் திடீரென்று மாறுவதைத்தான் விண்ட் ஷியர் என்கிறார்கள். இறங்குகிற விமானம் அதில் மாட்டினால் தடுமாறும். நம் தலைக்கு மேல் அது எங்கே, எப்போது வருகிறது? அதைக் கண்டுபிடிக்கத்தான் மேடம் தினமும் ஒரு வெள்ளைப் பலூனை விட்டு, தியோடலைட் என்ற தொலைநோக்கியால் அதைத் துரத்தினார். நிமிடத்துக்கு ஒரு முறை கோணத்தைச் சொல்வார். நான் தாளில் எழுதுவேன்.

முதல் நாளே தப்பு செய்தேன். "காத்து எந்தப் பக்கம் ராசாத்தி?" என்றார். "கெழக்கு" என்றேன்.

"அது பலூன் போற பக்கம்மா. காத்து வந்த பக்கத்தைச் சொல்லு. காத்துக்கு எப்பவும் வந்த எடம்தான் பேரு."

"எங்களை இந்தத் தெருவுல மருங்காபுரிக்காரங்கன்னு சொல்றாங்களே, அது மாதிரியா மேடம்?"

"அதே மாதிரிதான்! மேற்கேயிருந்து வந்த நீ மேல்காத்து, போ!" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து மேடம் சொல்லும் கோணத்தோடு நூற்றெண்பது கூட்டி, காற்று வந்த திசையை எழுதுவது என் வேலை. பலூன் தொண்ணூறில், அதாவது கிழக்கே, போனால் தாளில் இருநூற்று எழுபது, அதாவது மேற்கு. இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். யார் எழுதினார்களோ அவர்கள்தான் கோடு போட வேண்டும். மேடமே ஆனாலும் என் வரியில் கை வைக்க மாட்டார்.

எதிர்மாடி மூக்கன் மாமா ஒருநாள் கேட்டார், "என்ன மேடம், பலூன் வியாபாரம் எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதுங்க. வித்தது ஒண்ணுகூடத் திரும்பி வரலை."

மாமா, அங்கே உட்கார்ந்து அழுகிறீர்கள். அன்று எவ்வளவு சிரித்தீர்கள்!

இனி சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது.

ஆடி மாதம் கல்லூரியிலிருந்து யாழினி வந்தாள். என்னைவிட ஒரு வயது பெரியவள். கழுத்தில் அடையாள அட்டை. வந்த முதல் நாளே மேடம், "பாரும்மா, கண்ணை வெச்சுப் பாரு" என்று அவளைத் தியோடலைட் முன்னால் நிறுத்தினார். பத்து மாதம் எழுதிய என்னை ஒருநாள் கூப்பிட்டாரா? நானாகக் கேட்டேனா? கேட்க வாய் வரவில்லை. யாழினி கோணங்களைச் சொன்னாள். நான் எழுதினேன். ஐந்தாம் நிமிடம் "தொண்ணூறு" என்றாள். நூற்றெண்பது கூட்டாமல் தொண்ணூறு என்றே எழுதினேன். ஆறாம் நிமிடமும் அப்படியே. மறதி இல்லை. வேண்டுமென்றே எழுதினேன். அவள் வந்த நாள் கெட்டுப்போகட்டும் என்று எழுதினேன்.

தலைவர் ஐயா, ஆடியில் மேல்காற்றுக்கு நடுவே கிழக்குக் காற்று குறுக்கிட்ட அபூர்வமான நாள் என்று சற்று முன் ஒரு தாளைப் பாராட்டினீர்கள். மேடத்தின் பெயரில் வரும் புத்தகத்துக்கு அதுதான் முதல் பக்கம் என்றீர்கள். வாசலில் யாழினி வரைந்து மாட்டியிருக்கும் படமும் அதுதான். ஐயா, அப்படி ஒரு காற்று அடிக்கவே இல்லை. அது நான் எழுதிய காற்று.

யாழினி, அந்தப் படத்தை நீ மாட்டும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். மன்னித்துவிடு.

முந்தாநாள் தாள்களை அடுக்கச் சொன்னார்கள். அந்தத் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் மேடத்தின் கையெழுத்து. நீங்கள் பார்த்த நகலில் அது வந்திருக்காது. "5, 6 தப்பு. ராசாத்தி சொல்லட்டும்."

தெரிந்திருக்கிறது! அன்றே தெரிந்திருக்கிறது! ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்? போடவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை. அடுத்த நாளும் அதே முகம், அதே "வந்துட்டியா ராசாத்தி?" மூன்று வாரம் எனக்காகக் காத்திருந்தார். நான் சொல்லவில்லை. பிறகு காய்ச்சல் வந்துவிட்டது.

முனைவர் பெலிண்டா எத்தனையோ கட்டுரை எழுதினார் என்று சொன்னீர்கள். எனக்கு அதெல்லாம் புரியாது. படிக்காத ஒரு பெண் எழுதிய இரண்டு வரியையும் அவளுடையது என்று மதித்தார். எனக்குத் தெரிந்த பெலிண்டா மேடம் அவர்தான்.

ஐயா, அந்தத் தாளைக் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் எல்லோர் முன்னாலும் இப்போது கோடு போடுகிறேன். ஐந்தாம் நிமிடம், இருநூற்று எழுபது. ஆறாம் நிமிடம், இருநூற்று எழுபது. கையெழுத்து, ராசாத்தி.

புத்தகத்துக்கு முதல் பக்கம் போய்விட்டது. ஆனால் மீதி முந்நூற்றுச் சொச்சம் தாளும் சரியானவை. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் சந்தேகப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். என்னை இனி மாடியில் விடுவதும் விடாததும் உங்கள் முடிவு. விட்டால், நாளை காலை ஐந்தரைக்குப் பலூன் ஏறும். தியோடலைட்டில் யாழினிதான் நிற்பாள். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு எரியும், பொய் சொல்லவில்லை. ஆனாலும் யாழினி, நீ கோணத்தைச் சொல்லு. எரிந்தாலும் சரியாக எழுதுவேன்.

மேடம், உங்களுக்கு நான் தர வேண்டிய பதில் ரொம்பத் தாமதம். இதோ, சொல்லிவிட்டேன்.