பஸ்ஸுல போட்ட கணக்கு

— இன்னொரு வாட்டி சொல்லு டாரில். இன்ஜினியரிங் ஸ்டாட்டிக்ஸ் பரிட்சையில எத்தன மார்க்?

— பதினொன்னுதான்க்கா.

— ஐம்பதுக்கா?

— நூத்துக்கு.

— ஏசப்பா! பேரு எழுதுனதுக்கே பத்து குடுத்திருப்பாங்களேடா!

— அலமாக், திட்டறதுக்கு இப்ப நேரமில்லக்கா. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ராயுவான் அனுப்பணும். யூனில தொடர்ந்து படிக்க விடுங்கன்னு கெஞ்சுற லெட்டர். அனுப்பலன்னா பேர வெட்டிருவாங்க. நீ உக்காந்தா அரை மணி நேரத்துல எழுதிருவலா.

— உன் பேர வெட்டப் போறாங்க, லெட்டர நான் எழுதணும்.

— உன் இங்கிலீஷ் நல்லாருக்கும்ல.

— நல்லா கேட்டுக்கோ. வாரத்துல ஆறு நாளு வெள்ளன நாலரைக்கு எழும்பி, கெலாங் பாத்தால பஸ் ஏறி, பாலத்து ஜேம்ல மாட்டி, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவ நான். வீட்டுல இருக்கறது இந்த ஒரு ஞாயித்துக்கிழமை. யூனிஃபார்ம் அயர்ன் பண்ணக்கூட விடாம வந்து நிக்கிற.

— நீ அயர்ன் பண்ணிக்கிட்டே சொல்லு, நான் டைப் பண்றேன்.

— அடடா, என்ன பெரிய மனசு உனக்கு!

— அசைன்மென்ட்ல தொண்ணூத்தாறு எடுத்திருக்கேன்ல, அத மொத வரியில போடுவோமா?

— யாரு எடுத்தா? நீயா?

— சரி… நீதான்.

— மடியில ஃபைல வச்சிக்கிட்டு, பக்கத்து சீட்டு ஆளு என் தோள்ல தூங்கி விழ விழ, பஸ்ஸுல போட்ட கணக்குடா அது. "இந்த ஒரு வாரம் மட்டும்க்கா"ன்னு கெஞ்சின. அந்த ஒரு வாரம் முழு செமஸ்டரா நீண்டு போச்சு.

— அதப் பத்தித்தான் டாக்டர் சுபத்ரா கூப்பிட்டுக் கேட்டாங்க.

— யாரு, உன் லெக்சரரா?

— ஆமா. அசைன்மென்ட்ட எல்லாம் மேசையில பரப்பி வச்சிட்டு, "விடை எல்லாம் சரி. கோடு மட்டும் ஏன் இப்படி நடுங்குது?"ன்னாங்க.

— நீ என்ன சொன்ன?

— எனக்கு கை நடுங்குற வியாதி இருக்குன்னு சொன்னேன்.

— ஏசப்பா, இவன வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்! நம்புனாங்களா?

— போர்டுல ஒரு கணக்கு போட்டுக் காட்டுன்னாங்க.

— போட்டியா?

— கை நடுங்குச்சு. இந்த வாட்டி நெசமா.

— சிரிக்காத! எனக்கு பத்திக்கிட்டு வருது. சாஆ ஊருல ஸ்கூல் மேடையில மாலை போட்டாங்களே, அந்த டாரில் எங்கடா போனான்?

— அவன் பழைய பரிட்சைத் தாள மனப்பாடம் பண்ணவன்க்கா. இங்க அது செல்லுபடியாகல. ஹால்ல முன்னூறு பேரு. லெக்சரர் ஸ்லைட தள்ளிக்கிட்டே போறாங்க, எல்லாரும் தலையாட்டுறாங்க. நானும் ஆட்டுனேன். நாலாவது வாரத்துலேருந்து ஒரு எழவும் புரியல. வாயத் தொறந்து கேட்டா, இவன யாரு உள்ள விட்டான்னு நெனைப்பாங்க. வெக்கமா இருந்துச்சு. ஹாஸ்டல் பாத்ரூம்ல நின்னு அழுதிருக்கேன்.

— என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா நீ அசைன்மென்ட் போட்டுத் தர்றத நிறுத்திருவ.

— அது என் தப்புதான், ஒத்துக்கிறேன். பாவம் புள்ள, ஒத்தாசையா இருப்போம்னு ஆரம்பிச்சேன். அப்புறம் எனக்கே அது புடிச்சிப் போச்சு. ஜேம்ல பஸ் நின்னா எல்லாரும் திட்டுவாங்க. இன்னும் பத்து நிமிஷம் நிக்கட்டும்னு நான் மட்டும் நெனைப்பேன், பாதிக் கணக்குல இருப்பேன்ல.

— உனக்கென்னக்கா. பாலிடெக்னிக்லயே நீ கெட்டிக்காரி.

— கெட்டிக்காரியாம்! கையில டிப்ளோமா வந்துச்சு, அப்பா போய்ச் சேந்தாரு. ஏழு வருஷமா ஃபேக்டரி மெஷினுக்கு ஊழியம் பண்றேன். அத விடு.

— மணி நாலாகுதுக்கா. அப்பா செத்தத காரணமா போட்டுருவோமா?

— அப்பா செத்து ஏழு வருஷம் ஆச்சுடா!

— தேதி போட வேணாம்லா.

— டேய்! அயர்ன் கையில இருக்கு, சொல்லிட்டேன். படுத்துக் கெடக்குற மனுஷன ஏன்டா எழுப்புற?

— அப்ப என்னதான் எழுதறது?

— நெசத்த எழுது. புரியலன்னு எழுது. கேக்க வெக்கப்பட்டேன்னு எழுது. அசைன்மென்ட் நான் போட்டதில்லன்னும் எழுது.

— அத எழுதுனா கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளிருவாங்கக்கா!

— தள்ளுனாலும் தள்ளுவாங்க. மொதல்லேருந்து படின்னாலும் சொல்வாங்க. பொய்ய வச்சி ரெண்டாவது வருஷத்துக்குப் போனா, அங்க உன்னத் தூக்கி விட யாரு இருக்கா?

— யாரு போட்டதுன்னு கேப்பாங்களே.

— என் பேர எழுது. ஷரோன், என் அக்கான்னு முழுசா எழுது.

— நெசமாவா? சரி… எழுதிட்டேன். உனக்கென்ன வந்துச்சு, நீ என்ன அங்கயா படிக்கிற? மாட்டுறவன் நான்தான்.

— வாசிச்சுக் காட்டு. ம்ம். பரவால்ல, மனுஷன் எழுதுன மாதிரி இருக்கு.

— அக்கா, இவங்க மன்னிச்சு விட்டா, அடுத்த செமஸ்டர் சும்மா வழி மட்டும் காட்டு. எப்படியும் பஸ்ஸுல உக்காந்துதான போற.

— இந்த மாசக் கடைசியோட வேலைய விடுறேன்டா. அம்மாகிட்ட சொல்லிட்டேன்.

— அலமாக்! கல்யாணமா? சர்ச்சு மைக்கல் அண்ணனா?

— உன் புத்தி அத விட்டு வேற எங்கயும் போவாதா? உன் யூனில எனக்கு இடம் கெடச்சிருக்கு. உன் இன்ஜினியரிங்தான், மொத வருஷம். ஏய்… கைய எடு! என் பேர அழிக்காத. அப்படியே அனுப்பு.