திரை விலகியதும் ஒரு கேள்வி

என் பேச்சின் நீளத்துக்கு அஞ்சிக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! இந்தப் படிப்பகத்தைப் பாடுபட்டு வளர்த்த பெரியோர்களே! தாமதமாக வந்தும் முன்வரிசையைப் பிடித்துவிட்ட தாய்மார்களே! அவர்களிடையே, பன்னிரண்டு ஆண்டுகள் என்னோடு பேசாதிருந்து, இன்று என் மனைவி அழைத்ததற்காக வந்திருக்கும் ஓவியரே, என் உடன்பிறந்த அக்காவே! அனைவருக்கும் என் அச்சம் கலந்த வணக்கம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். என் அச்சத்துக்குக் காரணம் இந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மேடையில் அக்காவின் அரூப ஓவியத்தைத் திறந்துவைத்தேன். ஆளில்லை, மரமில்லை, வண்ணம் மட்டுமே! எனக்குப் புரிந்ததா? இல்லை. புரியவில்லை என்று சொன்னேனா? அதுவும் இல்லை! "மேலே கறுப்பு, அது கார்மேகம், கீழே சிவப்பு, அது காய்ந்த நிலம்" என்று நாற்பது நிமிடம் முழங்கினேன். நீங்கள் கைதட்டி ஓய்ந்தபோது அக்காவின் நாற்காலி காலி. "மாட்டினதும் தப்பு, பேசினதும் தப்பு" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனவர், பிறகு என் வாசற்படி மிதிக்கவில்லை.

மூலப்படம் விலைபோய்க் கடல் கடந்துவிட்டது. ஆகவே இந்தப் படிப்பகத்தில் மாட்ட அதன் உயர்தரப் பிரதியை வாங்கினேன். பருத்தித் தாள், நிறமி மை, வெயிலைத் தடுக்கும் கண்ணாடி. நூறாண்டு நிறம் மங்காது என்று சான்றிதழ்! ஆனால் பாருங்கள், கடையின் பட்டியலில் அச்சிட்ட படத்தில் கறுப்பு கீழே. பெட்டியில் ஒட்டிய அம்புக்குறிப்படியோ, அக்கா தப்பென்ற அதே நிலை, கறுப்பு மேலே! பதறிப்போய்த் தொலைபேசியில் கேட்டேன். கடைக்காரர் சொன்னார்: "சார், கலர் போகாது, அதுக்கு நாங்க கேரண்டி. எது மேலன்னு வரைஞ்சவங்களைத்தான் கேக்கணும்."

கேட்க அஞ்சினேன். மூன்று வாரம் உறக்கமின்றி அஞ்சினேன். நூறாண்டு மங்காத படம் என்றால், நூறாண்டு மங்காத தவறும் அல்லவா? என் பேச்சை மறுநாளே மறந்துவிடுவீர்கள். அந்த மறதிதான் இதுவரை என்னைக் காத்தது. இந்தத் தாள் மறக்குமா? நான் மாண்ட பின்னும் என் மடமையை மாட்டிவைத்துக் காட்டாதா? இன்றும் அக்கா எழுந்து போனால், இனி எந்த முகத்தோடு அழைப்பேன்?

இதோ, திரையை விலக்குகிறேன்.

அக்கா! எனக்குத் தெரியவில்லை. எது மேல்?

கொஞ்சம் அமைதி... எழுந்துவிட்டார். வெளியே போகிறாரா? வாசலில் நிற்பவர்களே, வழிவிடாதீர்கள்! இல்லை... படியேறி மேடைக்கு வருகிறார்.

மைக்ல சொல்லுக்கா, எல்லாருக்கும் கேக்கட்டும்.

"ரெண்டும் இல்லடா. படுக்கவாட்டுல மாட்டணும். இதக் கேக்க உனக்கு இவ்வளவு வருஷமா?"

கேட்டீர்களா பெரியோர்களே? தெரியாததைத் தெரியாது என்று சொல்ல, இந்த வாய்க்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன! அங்கே ஒரு தம்பி, "அப்போ படத்துக்கு என்ன அர்த்தம்?" என்கிறார். வரைந்தவர் என் பக்கத்தில் நிற்கிறார், அவரைக் கேளுங்கள். ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்துவிட்டு, நான் கீழே போய் உங்களோடு உட்காருகிறேன். பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.